200 மணி நேரமா, 1500 மணி நேரமா?

கேள்வி: தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு, பைலட் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். 200 மணி நேரம் பறந்தால் உடனே வேலை, 50 லட்சத்தையும் முன்பணமாகக் கட்டினால் 3 லட்சம் தள்ளுபடி என்கிறது பயிற்சிப் பள்ளி. உறவுக்காரரோ 1500 மணி நேரம் வேண்டும் என்கிறார். கையில் 20 லட்சம் டெபாசிட், கொஞ்சம் நகை இருக்கிறது. பூர்வீக வீட்டை அடமானம் வைக்கலாமா?

பதில்: ஆச்சி, மொத்தப் பணத்தையும் முதலிலேயே கட்டாதீர்கள். அந்த 3 லட்சம் போனால் போகட்டும்.

இரண்டு கணக்கும் சரிதான். கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம். அதில் 100 மணி நேரம் விமானம் அவன் பொறுப்பில் இருக்க வேண்டும். அதை வைத்து நம் நாட்டில் துணை விமானியாகச் சேரலாம். 1500 என்பது கேப்டன் ஆவதற்கான அடுத்த லைசென்ஸுக்கு. அந்த மணி நேரம் சம்பளம் வாங்கிக்கொண்டே சேர்வது. அமெரிக்காவில்தான் 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1500 கேட்கிறார்கள்.

ஆனால் "உடனே வேலை" என்பதை நம்பாதீர்கள். ஏர்பஸ், போயிங் போன்ற விமானத்தை ஓட்ட டைப் ரேட்டிங் என்று தனிப் பயிற்சி உண்டு. அதற்கும் பல லட்சம் ஆகும். நகையை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

என்னிடம் வந்த ஒரு தம்பியின் லாக் புக் இன்னும் கண்ணில் நிற்கிறது. 137 மணி நேரம் வரை வரி வரியாக எழுதியிருந்தது, அப்புறம் வெற்றுப் பக்கம். பள்ளியில் விமானம் பழுது, பணமோ முழுக்கக் கட்டியாகிவிட்டது. அந்த 200 மணி நேரமும் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 5 ஆண்டுக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். பாதியில் நின்றால் பழைய மணி நேரம் கணக்கிலிருந்து கழன்றுகொண்டே போகும்.

அதனால் முதலில் மருத்துவப் பரிசோதனை. கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1 தேறட்டும். அடுத்து நேவிகேஷன், வானிலை, விதிமுறைத் தேர்வுகள். இவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம், செலவும் குறைவு. அதன்பின் டெபாசிட் பணத்தில் பறக்கத் தொடங்கட்டும். கடனைக் கடைசியில், தவணை தவணையாக எடுங்கள். எடுத்த தொகைக்கு மட்டும்தான் வட்டி ஓடும். 50 லட்சத்தையும் கடனாக வாங்கினால், 11 சதவீத வட்டியில் 10 ஆண்டுக்கு மாதம் சுமார் 69 ஆயிரம் வரும். வேலை கிடைக்க ஓராண்டு தள்ளிப்போனால் யார் கட்டுவது?

வீட்டை விட்டுவிடுங்கள். நம் பக்கத்துப் பெரிய வீடுகளில் எத்தனை பங்காளிகள், எத்தனை புள்ளிகள் (மணமான குடும்பங்கள்)! எல்லோர் கையெழுத்தும் இல்லாமல் வங்கி அதை ஈடாக ஏற்காது. அதற்காகச் சொந்தத்தில் மனக்கசப்பும் வேண்டாம்.

பறந்த மணி நேரத்துக்கு மட்டும் கட்டணம், மீதி திரும்பக் கிடைக்கும் என்று பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் வேறு பள்ளி பாருங்கள்.