வாசகர் கேள்வி–பதில்: மொழி மாறினால் ஆளும் மாறுமா?

கேள்வி: நாள் முழுவதும் அலுவலகத்தில், வளர்ந்தபின் கற்ற ஒரு மொழியில்தான் பேசுகிறேன். அங்கே மேலதிகாரியின் கருத்தைக்கூடத் தயங்காமல் மறுத்துப் பேசுகிறேன். வீட்டுக்கு வந்து தாய்மொழியில் பேசத் தொடங்கியதும் குரல் தாழ்ந்துவிடுகிறது. பெரியவர்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறேன். இந்த இருவரில் உண்மையான நான் யார்?

பதில்: இருவரும் நீங்கள்தான். இந்த உணர்வு உங்களுக்கு மட்டும் வருவதன்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ழான்-மார்க் டெவேல, அனேட்டா பாவ்லென்கோ என்ற இரண்டு மொழியியலாளர்கள் பன்மொழி பேசுவோர் ஆயிரம் பேருக்கும் மேற்பட்டோரிடம் வினாப்பட்டியல் வழியே விவரம் திரட்டினார்கள். மொழி மாறும்போது வேறோர் ஆளாக உணர்வதுண்டா என்ற வினாவுக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் உண்டு என்றே பதிலளித்திருந்தார்கள்.

ஆனால் இதற்குக் காரணம் மொழிதானா என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்கரை மணந்து அங்கே குடியேறிய ஜப்பானியப் பெண்களிடம் உளவியலாளர் சூசன் எர்வின்-டிரிப் நடத்திய ஆய்வு பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. முற்றுப்பெறாத வாக்கியங்களைக் கொடுத்து, ஒரு முறை ஜப்பானிய மொழியிலும் மறுமுறை ஆங்கிலத்திலும் நிறைவு செய்யச் சொன்னார். 'என் விருப்பம் குடும்பத்தின் விருப்பத்தோடு மோதும்போது' என்ற தொடரை ஒரு பெண் ஜப்பானிய மொழியில், அது பெருந்துயரமான நேரம் என்று முடித்தார். ஆங்கிலத்தில் அவரே, நான் நினைத்ததைச் செய்வேன் என்று முடித்தார். ஜப்பானிய மொழி பணிவைத் திணிக்கிறது, ஆங்கிலம் துணிவைத் தருகிறது என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பெண் முதல் மொழியை ஒரு வீட்டின் மகளாக இருந்து கற்றவர். இரண்டாம் மொழியிலோ, பிறந்த வீட்டாரின் கண்பார்வைக்கு வெகு தொலைவில், தன் முடிவுகளைத் தானே எடுக்க வேண்டிய மனைவியாக வாழ்ந்தவர். எந்த மொழியை எந்த உறவில் பேசிப் பழகினாரோ, அந்த உறவின் சாயல் அந்த மொழியில் பேசும்போது அவரிடம் வந்து சேர்ந்தது என்பதே எனக்குப் பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

உங்கள் நிலையையும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். சிறுவயதுத் தோழியிடம் தாய்மொழியில் பேசும்போதும் உங்கள் குரல் தாழ்கிறதா? இல்லையென்றால், உங்களைத் தயங்க வைப்பது அந்த வீட்டில் உங்களுக்கு என்றோ ஒதுக்கப்பட்ட இடமே தவிர மொழியன்று. மரியாதை குறையாமல் மறுத்துப் பேச எல்லா மொழிகளிலும் வழியுண்டு. தாய்மொழியில் அதைப் பழகிக்கொள்ளும் வாய்ப்புதான் உங்களுக்கு இதுவரை அமையவில்லை. 'இல்லப்பா, நான் இதை வேற மாதிரி யோசிச்சு வச்சிருக்கேன்' என்ற அளவில் ஒரு வாக்கியத்தை, பெரிய விஷயத்தில் அல்லாமல் ஏதாவது சின்ன விஷயத்தில் முதலில் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: 'நான்' என்ற உணர்வே குழந்தைக்கு மொழி வந்தபின்தான் வருகிறதா?

பதில்: இல்லை. குழந்தை அறியாமல் அதன் முகத்தில் ஒரு பொட்டு வைத்துக் கண்ணாடி முன் நிறுத்தினால், ஒன்றரை வயது முதல் இரண்டு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் கண்ணாடியைத் தொடாமல் தங்கள் முகத்தையே தொட்டுப் பார்க்கின்றன. சிம்பன்சிகளும் இவ்வாறு செய்வதை 1970இல் உளவியலாளர் கார்டன் காலப் காட்டினார். மொழி அதற்குமேல் தருவது நேற்றையும் நாளையையும்தான்: நடந்ததைப் பற்றிப் பெற்றோர் விரிவாகக் கேட்டுப் பேசும் வீடுகளில் வளரும் குழந்தைகள், தங்கள் கடந்தகாலத்தைப் பின்னர் செறிவாகச் சொல்கிறார்கள்.

கேள்வி: அம்மா மறைந்தபின் நாட்குறிப்பு எழுதுகிறேன். தாய்மொழியில் எழுத உட்கார்ந்தால் ஒரு வரிகூட நகர்வதில்லை. வேற்றுமொழியில் பக்கம் பக்கமாக வருகிறது. நான் துக்கத்திலிருந்து தப்பி ஓடுகிறேனா?

பதில்: தப்பி ஓடுபவர் பக்கம் பக்கமாக எழுதமாட்டார். பின்னாளில் கற்ற மொழி உணர்ச்சியின் வேகத்தைச் சற்றுத் தணிக்கிறது என்பதற்கு உடலே சாட்சி. துருக்கிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பிறகு ஆங்கிலம் கற்றவர்களின் தோலில் ஏற்படும் நுண்ணிய மின்மாற்றங்களை அளந்து, 2003இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிறுவயதில் கேட்ட கண்டிப்புச் சொற்கள் துருக்கிய மொழியில் ஒலித்தபோது அவர்களின் உடல் காட்டிய அதிர்வு, அதே பொருளுள்ள ஆங்கிலச் சொற்களுக்கு அந்த அளவுக்கு இல்லை. தாங்க முடியாததைத் தாங்கும் தொலைவில் நிறுத்திப் பார்க்க உங்களுக்கு ஒரு மொழி கிடைத்திருக்கிறது. அதற்காகக் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களிடம் உளவியலாளர்கள் வியோரிகா மரியனும் உல்ரிக் நைசரும் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வில், ரஷ்ய மொழியில் கேட்டபோது ரஷ்ய மொழியில் வாழ்ந்த நாள்களின் நினைவுகளே அதிகம் வந்தன. அம்மாவோடு நீங்கள் பேசியது தாய்மொழியில் என்றால், அந்த நினைவுகள் பலவற்றுக்கு வாசலும் அதுவே. ஆகவே வேற்றுமொழியிலேயே எழுதுங்கள். அம்மா சொன்ன வாக்கியம் வரும் இடத்தில் மட்டும், அவர் சொன்னபடியே, அவர் உச்சரித்த கொச்சையோடு எழுதிவிடுங்கள்.

கேள்வி: கலவரத்தில் ஊரை விட்டு ஓடிவந்த என் தாத்தா தம் மொழியை அறவே பேசுவதில்லை, மறந்துவிட்டது என்கிறார். பதினெட்டு வயதுவரை பேசிய மொழி மறந்துபோகுமா?

பதில்: போகும். நாஜி ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதர்களின் ஜெர்மன் மொழியை மொழியியலாளர் மோனிகா ஷ்மிட் ஆராய்ந்து 2002இல் நூலாக்கினார். யாருடைய மொழி எவ்வளவு சிதைந்தது என்பதற்கு, வெளியேறியபோது இருந்த வயதைவிட, அவர்கள் வெளியேறிய காலமே தெளிவான விடை தந்தது. தொடக்க ஆண்டுகளில் சென்றவர்களிடம் ஜெர்மன் பெரிதும் நிலைத்திருந்தது. 1938 நவம்பரில் யூதர்கள்மீது நாஜிகள் கட்டவிழ்த்த வன்முறைக்குப் பின் தப்பியவர்களிடமே அது மிகவும் தேய்ந்திருந்தது. தம்மைத் துரத்தியவர்களின் வாயிலும் அதே மொழி இருந்தது என்பதை அவர்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

உங்கள் தாத்தாவின் மறதியை முதுமையின் குறையாகவோ நன்றிகெட்ட செயலாகவோ கருதாதீர்கள். 'அந்த மொழியில் ஏதாவது சொல்லுங்கள்' என்று அவரை வற்புறுத்தவும் வேண்டாம். அவர் படித்த பள்ளி, விளையாடிய தெரு, உடன் திரிந்த நண்பர்கள் என்று கலவரத்துக்கு முந்தைய நாள்களைப் பற்றி, அவர் இப்போது பேசும் மொழியிலேயே கேளுங்கள். இடையில் பழைய மொழியின் சொல் ஒன்று தானாக வந்தால், குறுக்கிட்டுப் பொருள் கேட்காமல் அவரைப் பேச விடுங்கள்.