கண் சிமிட்டும் அல்கால்

கேள்வி: என்னிடம் தொலைநோக்கி இல்லை. வெறுங்கண்ணால் இரட்டை விண்மீனை (ஒன்றையொன்று சுற்றும் இரு விண்மீன்களை) ஆராய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். பெர்சியஸ் விண்மீன் குழுவில் உள்ள அல்காலைத் தேடிப் பிடியுங்கள். அது இரண்டாகத் தெரியாது. ஆனால் 2 நாள், 20 மணி, 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கும். பிரகாசமான விண்மீனை அதன் மங்கலான துணை மறைப்பதால் வரும் கிரகணம் அது. ஒளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும்; மங்கித் தெளியப் பத்து மணி நேரம் பிடிக்கும்.

நான் முதலில் பார்த்த இரவு, பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு அரை மணிக்கொரு முறை நோட்டில் குறித்தேன். பின்னிரவில் அது மீண்டும் ஒளிர்ந்தபோது கை நடுங்கியது. அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

1783இல் இதே கிரகண விளக்கத்தை முன்வைத்த ஜான் குட்ரிக்குக் காது கேட்காது, வயது 18. அவரும் வெறுங்கண்ணால்தான் பார்த்தார்! 1889இல் ஜெர்மன் வானியலாளர் ஹெர்மான் வோகல் நிறமாலை (நிறம் நிறமாகப் பிரித்த ஒளி) மூலம் அதை உறுதிசெய்தார்.

இன்னொரு விந்தை: இந்த ஜோடியில் எடை குறைந்த விண்மீன்தான் வேகமாக முதுமை அடைந்திருக்கிறது. எடை மிகுந்ததல்லவா முதலில் முதிர வேண்டும்? ஒருகாலத்தில், இன்று எடை குறைந்திருக்கும் விண்மீன்தான் பெரியதாக இருந்தது. ஊதிப் பெருத்தபோது தன் பொருளைத் துணைக்கு இழந்துவிட்டது.