சுகர் பொடி குடிப்பவர் பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு 56 வயது. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. சுகருக்கு மெட்ஃபார்மின், கிளிக்லசைடு, பிரஷருக்கு எனலாபிரில் சாப்பிடுகிறார். கொஞ்ச நாளாக போர்ட் லூயி மார்க்கெட்டில் திசான் (மூலிகைக் கஷாயச் சரக்கு) வாங்கிக் காய்ச்சிக் குடிக்கிறார், சொந்தக்காரர்கள் சென்னையிலிருந்து கொண்டுவந்த, சுகரைக் குறைக்கும் என்று விற்கிற மூலிகைப் பொடியும் சேர்த்து. சுகர் இறங்கிவிட்டது, ஆனால் பிரஷர் 160/95. மாத்திரையெல்லாம் எதற்கு, நிறுத்திவிடுகிறேன் என்கிறார்.
— வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: வேண்டாம்மா, ஒரு மாத்திரையைக்கூட அவராக நிறுத்தக் கூடாது.

முதலில் அந்தப் பொடி பாக்கெட்டைத் திருப்பி அதிமதுரம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள், திசான் கடைக்காரரிடமும் என்னென்ன வேர் சேர்க்கிறார் என்று கேளுங்கள். அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பில் உப்பும் நீரும் தேங்கும், பொட்டாசியம் குறையும், பிரஷர் ஏறும். இன்னொன்று, அவருக்கு வறட்டு இருமல் இருக்கிறதா? எனலாபிரில் சிலருக்கு அப்படி இருமலைக் கொண்டுவரும், இருமல் என்றால் நம் வீடுகளில் உடனே வாயில் அடக்கிக்கொள்வது அதிமதுரத் துண்டுதானே, அப்படி மாத்திரையின் இருமலுக்கு எடுத்த மருந்தே பிரஷரை ஏற்றிவிடும். இருமல்தான் தொல்லை என்றால் டாக்டர் லோசார்டன் போல வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார், அதிகம் இருமல் வராது.

சுகர் இறங்கியதில் எனக்கு முழுச் சந்தோஷம் இல்லை. இப்படிப்பட்ட பொடிகளில் போடும் வெந்தயமும் பாகற்காயும் சுகரைக் கொஞ்சம் இறக்கும், ஆனால் கிளிக்லசைடும் சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்கிவிடலாம். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 'மூலிகை மட்டும்' என்று விற்ற சில பொடிகளில் கிளிபென்கிளமைடு என்ற சுகர் மாத்திரையே கலந்திருந்ததைச் சில நாடுகளில் பரிசோதனையில் கண்டுபிடித்திருக்கிறார்கள், அதனால் லேபிள் சரியில்லாத பொடியை நான் நம்பமாட்டேன்.

எல்லா மூலிகையும் கெடுதல் என்று சொல்லவில்லை. புளிப்பான செம்பருத்தி டீ சுகர்காரர்களுக்கும் பிரஷரைக் கொஞ்சம் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் 160-ஐ 130-க்குக் கீழே கொண்டுவர அது போதாது, அதோடு எனலாபிரில் சுகர்காரரின் சிறுநீரகத்தையும் காக்கிறது.

சரி, இப்போதைக்குப் பொடியையும் திசானையும் நிறுத்தி, பாக்கெட்டோடு டாக்டரிடம் போங்கள். பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை), சிறுநீரில் புரதம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை வீட்டில் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு, பிரஷர் பார்த்து எழுதி வையுங்கள். நெஞ்சுவலியோ ஒரு பக்கம் கைகால் மரத்துப்போவதோ வந்தால் அளவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.