கடிகாரம் தானாக எங்கே போகும்?

கேள்வி:

நாங்கள் மூன்று சகோதரிகள். நான் மூத்தவள், வயது 56. அப்பா முன்பே காலமாகிவிட்டார். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதன் பிறகு மூவரும் சேர்ந்து எங்கேயும் போகவில்லையே என்று, சனி ஞாயிறு ஒரு மலையூருக்குப் போய்வர நான்தான் ஏற்பாடு செய்தேன். வண்டி, தங்குமிடம், எத்தனை மணிக்கு எதைப் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. அங்கே பழம்பொருள் கடைகள் அதிகம் என்பதால் சனிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் அதற்கென்று ஒதுக்கியிருந்தேன்.

ஒரு கடைக்குள் நுழைந்த நடுத் தங்கை வெளியே வரவே இல்லை. ஒரு பழைய சுவர்க் கடிகாரத்தின் முன்னால் ஒன்றரை மணி நேரம் நின்றாள். கைப்பையிலிருந்து எதையோ எடுத்து அதில் வைத்துப் பார்த்தாள். கதவைத் திறக்கச் சொல்லி, செல்போன் வெளிச்சத்தில் உள்ளே பார்த்தாள். கடைசியில் வாங்கவும் இல்லை. அதற்குள் மூடுபனி இறங்கி, சூரிய அஸ்தமனம் பார்க்கும் திட்டம் கெட்டுப்போனது. "நம்ம வீட்டுக் கடிகாரம் மாதிரியே இருக்குக்கா" என்றாள். அப்படி ஒன்று இருந்தது உண்மைதான். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டூல் போட்டு ஏறி அதற்குச் சாவி கொடுப்பது அவள் வேலை. பிறகு சாவிகூட இல்லாமல் ஓடாமல் கிடந்தது, அம்மாவின் வீட்டைக் காலி செய்தபோது அதுவும் போய்விட்டது. "பழைய சாமானுக்கு இவ்வளவு நேரமா?" என்று கோபமாகக் கேட்டுவிட்டேன். கடைசித் தங்கை "விடுக்கா" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

மறுநாள் முழுக்க நடுத் தங்கை யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. போன் செய்தால் "வேலையா இருக்கேன்" என்று வைத்துவிடுகிறாள். அம்மாவின் வீட்டைக் காலி செய்தபோதும் அவள் வரவில்லை. மகனுக்கு ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் இருந்தாள். எல்லாவற்றையும் ஒரே ஆளாக நான்தான் பார்த்தேன். அடுத்த முறை அவளை விட்டுவிட்டுக் கடைசித் தங்கையோடு மட்டும் போகலாமா? அல்லது இவளுக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

— பெயர் வேண்டாம், ஒரு மூத்த அக்கா

பதில்:

உடன்பிறந்தவர்கள் ஒன்றாகச் சுற்றுலா போய், ஆளுக்கொரு மூலையாகத் திரும்பி வந்த கதை எனக்குப் புதிதில்லை. அப்படி வந்த கடிதங்களில் ஒன்றில்கூடச் சண்டை பயணத்தில் தொடங்கியதாக எனக்கு நினைவில்லை. வீட்டிலிருந்தே பெட்டியோடு பெட்டியாக எடுத்துப் போயிருப்பார்கள். ஊர் மாறியதும் அவிழ்ந்துவிடும். அதனால் தவறிப்போன அஸ்தமனத்தை நான் தள்ளி வைத்துவிட்டேன். பகல் வெயிலில் சூடான ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறி, மேலே போகப்போகக் குளிர்ந்து மேகமாவது மலையில் வழக்கமாக நடப்பதுதான். உங்கள் தங்கை நீங்கள் கொடுத்த ஒரு மணி நேரத்தில் வெளியே வந்திருந்தாலும் சூரியன் தெரிந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பழியை அவள் தலையில் போடாதீர்கள்.

நான் நின்றது வேறொரு வரியில். "சாவிகூட இல்லாமல் ஓடாமல் கிடந்தது, அம்மாவின் வீட்டைக் காலி செய்தபோது அதுவும் போய்விட்டது."

போய்விட்டதா? எப்படிப் போகும்?

உங்கள் கடிதத்தை நீங்களே எடுத்து இன்னொரு முறை படியுங்கள். பயணத்தை "நான்தான் ஏற்பாடு செய்தேன்." தங்குமிடம் "என் பொறுப்பு." வீட்டைக் காலி செய்ததும் "நான்தான்." எல்லா வேலைக்கும் ஆள் இருக்கிறது, அந்த ஆள் நீங்கள். கடிகாரம் என்று வந்ததும் மட்டும் ஆளைக் காணோம். அது தானாகச் சுவரை விட்டு இறங்கிப் போனது போல எழுதியிருக்கிறீர்கள். வேறு யாராவது எடுத்துப் போயிருந்தால் அந்த இடத்தில் அவருடைய பெயரைப் போட்டிருப்பீர்கள். பழைய சாமான் எடுக்க வந்தவரின் வண்டியில் அதை ஏற்றச் சொன்னவர் நீங்கள். தங்கைகள் இருவரையும் ஒரு வார்த்தை கேட்காமல் ஏற்றியிருக்கிறீர்கள்.

அடுத்தது சாவி. சாவி இல்லை என்பதை, கடிகாரம் உபயோகமில்லாதது என்பதற்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு மாதிரி படுகிறது.

அந்த வகைச் சுவர்க் கடிகாரங்களில் பல, ஒரு தடவை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடுபவை. வாரத்தில் ஒரு கிழமையை வைத்துக்கொண்டு அன்றைக்குச் சாவி கொடுப்பார்கள். ஒரு நாள் மறந்தாலும் கடிகாரம் நிற்காது, அந்த எட்டாம் நாள் அதற்குத்தான். மணியடிக்கும் கடிகாரமாக இருந்தால் டயலில் பொதுவாக இரண்டு துளை இருக்கும். ஒன்று ஓட்டத்துக்கு, மற்றது மணிக்கு. துளைக்குள் சின்னதாக ஒரு சதுரத் தண்டு. அதன் பருமன் கடிகாரத்துக்குக் கடிகாரம் மாறும். அதற்கான சாவிகளை எண் போட்டு விற்பார்கள். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் கால் மில்லிமீட்டர் அளவுதான் வித்தியாசம் இருக்கும். சாவி சின்னதாக இருந்தால் தண்டில் இறங்காது, பெரிதாக இருந்தால் பிடிக்காமல் வழுக்கும்.

இப்போது சொல்லுங்கள். உங்கள் தங்கை கைப்பையிலிருந்து எடுத்து அந்தக் கடிகாரத்தில் வைத்துப் பார்த்தது என்ன? "எதையோ" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். ஒன்றரை மணி நேரம் ஆனதைக் கவனித்த உங்களுக்கு, அவள் கையில் இருந்தது என்னவென்று பார்க்கத் தோன்றவில்லை. நான் அங்கே இல்லை. ஆனாலும் அது உங்கள் அம்மா வீட்டுக் கடிகாரத்தின் சாவி என்றுதான் என் மனம் சொல்கிறது. அது தொலையவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்டூலில் ஏறிய பெண் அதை எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறாள். கடிகாரம் நின்றது, சாவி கொடுத்தவள் அந்த வீட்டில் இல்லாமல் போனதால்.

அவள் உள்ளே வெளிச்சம் அடித்துத் தேடியதும் அதற்காகத்தான் இருக்க வேண்டும். பழுது பார்த்தவர்கள் தேதியையும் பெயரையும் கூட்டுக்குள்ளோ பின்தகட்டிலோ கிறுக்கி வைப்பது கடிகாரங்களில் சாதாரணம். பிள்ளைகள் உள்ள வீடு என்றால் வேறு கிறுக்கல்களும் இருக்கும். அவள் என்ன கிறுக்கலைத் தேடினாள் என்று எனக்குத் தெரியாது, நீங்கள் கொஞ்சம் யோசித்தால் உங்களுக்குத் தெரியலாம். இன்னொன்றையும் சொல்கிறேன். பழம்பொருள் கடைகளுக்குச் சரக்கில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது? இப்படிக் காலியாகும் வீடுகளிலிருந்துதான். வண்டியில் ஏறிய சாமான் கை மாறி, ஊர் மாறி, ஒரு மலையூர்க் கடையின் சுவரில் வந்து தொங்குவது நடக்காத காரியம் இல்லை. நீங்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி வேடிக்கை பார்க்கப் போன இடத்தில், அவள் அம்மாவின் சுவரிலிருந்து போன பொருளைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் காதில் விழுந்தது "பழைய சாமானுக்கு இவ்வளவு நேரமா" என்ற கேள்வி. சாமானை அனுப்பியவரே கேட்ட கேள்வி. அவள் மூன்று வாரமாகப் பேசாமல் இருப்பது எனக்கு அதிகமாகத் தெரியவில்லை.

அவள் உதவிக்கு வரவில்லை என்று குறையாக எழுதி, ஏன் வரவில்லை என்பதையும் அடுத்த வரியிலேயே நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆபரேஷன் ஆன பிள்ளையை விட்டுவிட்டுப் பாத்திரம் எண்ண வரவா சொல்வீர்கள்? அந்த வராண்டாவில் உட்கார்ந்திருந்தவளுக்கு நீங்கள் ஒரு போட்டோ அனுப்பியிருக்கலாம். "இதெல்லாம் கொடுத்துவிடப் போகிறேன், உனக்கு ஏதாவது வேண்டுமா?" என்று ஒரு வரி. அவள் கடிகாரம் என்று பதில் போட்டிருப்பாள், ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஒரே ஆளாக ஒரு வீட்டைக் காலி செய்வது உடம்பையும் மனசையும் முறிக்கிற வேலை. அலமாரியைத் திறந்தால் அம்மாவின் வாசனை வரும் வீட்டில் யாரும் நிதானமாக இருக்க முடியாது. ஆனால் உழைத்தவருக்கே உரிமை என்று நினைத்தீர்களானால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெற்றவர்கள் விட்டுப்போன சாமான் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. உடைந்த பொத்தான் டப்பாவும் பொதுதான். மூத்தவளுக்கு அதில் கூடுதலாக இருப்பது ஒன்றே ஒன்று, மற்றவர்களைக் கேட்டுச் செய்ய வேண்டிய கடமை. தங்கைகள் உங்களை அக்கா என்று கூப்பிட்டு நீங்கள் சொன்ன நேரத்துக்கு வண்டியில் ஏறுகிறார்களே, அந்த மரியாதைக்கு நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டியது அதுதான்.

இதில் எனக்குச் சொந்த வலியும் உண்டு. என் அம்மாவின் மரப்பெட்டி ஒன்று, நான் வெளியூரில் இருந்தபோது யாருக்கோ கொடுக்கப்பட்டுவிட்டது. எடுத்துக் கொடுத்தவர் என்னிடம் இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை. பெட்டி போனது ஆறிவிட்டது. பேசாமல் இருப்பது ஆறவில்லை.

உங்கள் கடைசித் தங்கைக்கு வருகிறேன். அவள் ஏன் "விடுக்கா" என்று கையைப் பிடித்து இழுத்தாள்? அவளுக்குக் கடிகாரம் எங்கே போனது என்று தெரியும் போலிருக்கிறது. வீட்டைக் காலி செய்தபோது அவளும் இல்லை என்றால், நீங்கள் சொல்லித்தான் தெரிந்திருக்க வேண்டும். ஒருத்தியிடம் சொல்லி, ஒருத்தியிடம் மறைத்தாயிற்று. மூன்று பேர் அன்றைக்கே இரண்டும் ஒன்றுமாகப் பிரிந்துவிட்டீர்கள். இப்போது அடுத்த பயணத்தையும் இருவராகப் போகலாமா என்று என்னிடம் அனுமதி கேட்கிறீர்கள். போகக்கூடாது. அந்தச் சின்னவளை உங்கள் ரகசியத்துக்குக் காவல் வைத்ததும் போதும்.

எப்படி எடுத்துச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அவளுக்கு எடுத்துச் சொல்ல உங்களிடம் எதுவும் இல்லை. ஒப்புக்கொள்ளத்தான் இருக்கிறது. போனில் வேண்டாம், நேரில் போங்கள். தனியாகப் போங்கள். "கடிகாரத்தை நான் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்." இவ்வளவுதான் பேச்சு. இதற்குப் பின்னால் "ஆனால்" என்று ஆரம்பிக்காதீர்கள். "அது ஓடவே இல்லையே" என்று சொல்லாதீர்கள். "அந்த நேரத்தில் எனக்கு எவ்வளவு வேலை தெரியுமா" என்ற பேச்சை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறை உண்மையானது, அதைச் சொல்ல உங்களுக்கு இடம் உண்டு, அன்றைக்கு மட்டும் இல்லை. அவள் அழலாம், திட்டலாம், கதவைச் சாத்தலாம். இருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் செய்யாதீர்கள். அந்த மலையூர்க் கடைக்குப் போன் போட்டு அந்தக் கடிகாரத்தை வாங்கி, அவள் வீட்டு வாசலுக்கு அனுப்பிவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எதையும் ஏற்பாடு செய்து முடித்துவிடுகிற ஆள் நீங்கள், அதனால் சொல்கிறேன். அவளைக் கேட்காமல் ஒரு கடிகாரத்தை வெளியேற்றினீர்கள், அவளைக் கேட்காமல் இன்னொன்றை உள்ளே கொண்டுவராதீர்கள்.

செய்யக்கூடியது வேறு. சாமான் எடுக்க வந்தவர் யார், எப்படி அவரைப் பிடித்தீர்கள், போன் எண் பழைய அழைப்புகளில் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் அவரிடம் கடிகாரத்தை யாருக்கு விற்றார் என்று கேளுங்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டது, கிடைக்காமலும் போகலாம். தேடிய விவரத்தைத் தங்கையிடம் உள்ளபடி சொல்லுங்கள். கிடைக்கவில்லை, மலையில் பார்த்ததையே வாங்கிக்கொள்கிறேன் என்று அவள் விரும்பினால் மூவருமாக மறுபடி போங்கள். இந்த முறை கடைக்கு நேரம் குறிக்காதீர்கள்.

அப்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. ஒரு கடிகாரத்தின் கூட்டில் இன்னொரு கடிகாரத்தின் இயந்திரத்தைப் பொருத்தி விற்பது இந்தத் தொழிலில் சகஜம். கூட்டின் பின்பலகையில் காரணமில்லாத பழைய ஆணித் துளைகள் இருந்தாலோ, சாவித் துளை தண்டுக்கு நேராக இல்லாமல் ஒதுங்கியிருந்தாலோ சந்தேகப்படுங்கள். ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், டிக்கும் டாக்கும் ஒரே சீராக விழ வேண்டும். சீராக இல்லை என்றால், கடிகாரம் நேராக மாட்டப்படாததாகவும் இருக்கலாம், அதை வைத்தே பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாங்கியதும் பளபளப்பாக்க வேண்டும் என்று யாரும் தேய்க்க வேண்டாம், பழைய மெருகு போனால் திரும்ப வராது. இறங்கும் வழியில் கொண்டை ஊசி வளைவுகள் இருக்கும். கிளம்பும் முன் பெண்டுலத்தைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றுங்கள். அது தொங்குவது காகிதம் போன்ற மெல்லிய ஸ்பிரிங்கில், வண்டியின் குலுக்கலில் கண்டபடி ஆடினால் அறுந்துவிடலாம். மலையை விட்டுக் கீழே வந்தால் கடிகாரம் ஒரு நாளைக்குச் சில விநாடி வேகமாக ஓடும். பெண்டுலத்தின் குண்டுக்கு அடியில் இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்திக் குண்டை இறக்கினால் சரியாகிவிடும். அதை அவளே செய்யட்டும். மாட்டுவதும் அவள் வீட்டில்தான்.

இதெல்லாம் பிறகு. முதலில் அவள் வீட்டுக்குப் போங்கள். போன இடத்தில், "சாவி உன்னிடமா இருக்கிறது?" என்று மட்டும் நீங்களாகக் கேட்காதீர்கள். அவளாக எடுத்துக் காட்டினால் பாருங்கள்.