ஏ6000 வாங்கலாமா? பழைய மிரர்லெஸ் பற்றிச் சில கேள்விகள்

செகண்ட் ஹேண்டில் சோனி ஏ6000 ஒன்று கிடைக்கிறது; மிரர்லெஸ், அதாவது லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா. 2014-இல் வந்த கேமராவை இன்னும் நம்பலாமா?

நீங்கள் எடுக்கப்போவது போட்டோவா, வீடியோவா? போட்டோ என்றால் தாராளமாக நம்பலாம். 35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார், 24 மெகாபிக்சல், நொடிக்கு 11 படம், சட்டத்தின் ஓரம் வரை பரவிய 179 ஃபோகஸ் புள்ளிகள். நல்ல வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100-இல் எடுத்த படத்தைக் காட்டி, எந்த வருடத்துக் கேமரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஐஎஸ்ஓ 3200-ஐத் தாண்டினால் நாய்ஸ், அதாவது படத்தில் பொடிப்பொடியான புள்ளிகள், எட்டிப் பார்க்கும். ரா-வில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்திருந்தால் பாதி சமாளிக்கலாம்.

வீடியோ என்றால் வேண்டாம். 4கே கிடையாது. மைக் செருகத் துளை இல்லை. திரை மேலும் கீழும் சாயுமே தவிர முன்பக்கம் திரும்பாது. தன்னைத் தானே படம் பிடித்துப் பேசுகிறவருக்கு இது தலைவலி.

கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் பாடியிலேயே இருக்கிறது என்றார் விற்றவர். ஆனால் படங்கள் ஆடியே விழுகின்றன.

அவர் சொன்னது தவறு. இந்த வரிசையில் அது முதலில் வந்தது 2016-இல், ஏ6500-இல். ஏ6000-க்கு லென்ஸில் ‘ஓஎஸ்எஸ்’ (லென்ஸுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன்) என்று போட்டிருந்தால்தான் உண்டு; கூடவே வரும் 16-50 கிட் லென்ஸில் இருக்கிறது. ஓஎஸ்எஸ் இல்லாத 50 மி.மீ. லென்ஸ் என்றால், சிறிய சென்சாரால் வரும் 1.5 மடங்கு க்ராப்பையும் கணக்கில் சேர்த்து ஷட்டர் வேகத்தை 1/80 நொடிக்குக் கீழே விடாதீர்கள். ஓடியாடும் குழந்தையை எடுக்கிறீர்களா? அங்கே எந்த ஸ்டெபிலைசேஷனும் உதவாது. உங்கள் கை நடுக்கத்தை அது பிடிக்கும், குழந்தையைப் பிடிக்காது. 1/250-க்கு மேல் போங்கள்.

பேட்டரி அரை நாள்கூடத் தாங்கவில்லை. ரிப்பேரா?

பெரும்பாலும் ரிப்பேர் இல்லை, குணமே அப்படித்தான். புதிய பேட்டரிக்கே வ்யூஃபைண்டரில் 310, திரையில் 360 படம்தான் கணக்கு. உங்களுடையது வயதான பேட்டரி வேறு. ஏர்ப்ளேன் மோடில் வைத்தால் கொஞ்சம் மிச்சமாகும். இரண்டாவது பேட்டரி ஒன்று வாங்கிவிடுங்கள். மலிவான டூப்ளிகேட் மட்டும் வேண்டாம். என்னிடம் இருந்த ஒன்று உப்பிப்போய் உள்ளேயே சிக்கிக்கொண்டது; வெளியே எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அப்பாவின் பழைய ஃபிலிம் கேமரா நிக்கான் லென்ஸை அடாப்டரில் மாட்டினேன். பட்டனை அழுத்தினால் ஷட்டர் அடிக்கவே இல்லை.

இந்தக் கேள்விக்காகவே ஏ6000-ஐ எனக்குப் பிடிக்கும். மெனுவில் ‘ரிலீஸ் வித்அவுட் லென்ஸ்’ என்று இருக்கும். அதை எனேபிள் செய்யுங்கள். பழைய லென்ஸில் மின்தொடர்பு இல்லாததால், லென்ஸே மாட்டவில்லை என்று கேமரா நினைத்துக்கொள்கிறது.

இந்த லென்ஸ் இதில் உட்காருவதற்குக் காரணம் கேமராவுக்குள் பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாததுதான். நிக்கான் எஃப் மவுண்டில் லென்ஸ் மாட்டும் விளிம்புக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ.; சோனி ஈ மவுண்டில் சென்சார் வரை 18 மி.மீ. மட்டுமே. மீதி 28.5 மி.மீ. இடத்தை நிரப்பும் வெறும் வளையம்தான் அடாப்டர், அதற்குள் லென்ஸ் எதுவும் தேவையில்லை. ஃபோகஸ் பீக்கிங்கைப் போட்டுவிட்டு வளையத்தை மெல்லத் திருகுங்கள், தெளிவான விளிம்புகள் நிறம் மாறி மினுங்கும். அப்பாவின் 50 மி.மீ. இதில் 75 போல நடந்துகொள்ளும். முகங்களை எடுக்க அருமை.

ஐ ஏஎஃப் (கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோ ஃபோகஸ்) இதில் உண்டா?

உண்டு, ஆனால் அசையாமல் நிற்பவர்களுக்கு மட்டும். ஏஎஃப்-சி-யில் (அசைவதைத் தொடரும் ஃபோகஸ்) கண்ணைத் தொடர்ந்து பிடிக்காது.

வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளை) எஃப்16-க்கு மூடி, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. லென்ஸைக் கழற்றினால் மிரர்லெஸ்ஸில் சென்சார் திறந்தே கிடக்கும், அதனால் தூசி சகஜம். ப்ளோயரால் ஊதினாலே பெரும்பாலும் போய்விடும். ஊதியும் அதே இடத்தில் நிற்பது கீறலாக இருக்கலாம், அதை வாங்காதீர்கள். கிட் லென்ஸைப் பத்துப் பதினைந்து முறை ஆன்-ஆஃப் செய்து, ஜூம் தயங்காமல் வெளியே வருகிறதா என்றும் பாருங்கள். பாடி நன்றாக இருந்து அந்த லென்ஸ் மட்டும் மக்கர் செய்தால், பாடியை மட்டும் கேட்டு வாங்குங்கள்.