மகளின் பங்கும் விடுதலைப் பத்திரமும்: கேள்வி பதில்

பதிவுத்துறையில் 29 ஆண்டுகள் பணியாற்றிச் சார்பதிவாளராக ஓய்வு பெற்றவள் நான். என் மேசைக்கு எதிரே நின்று விரல் ரேகை வைத்த பெண்களில் எத்தனையோ பேர் உடன்பிறந்தானுக்காக வைத்தவர்கள். விடுதலைப் பத்திரம், தான செட்டில்மெண்ட், உயில் பற்றிக் கேளுங்கள். வழக்கு நடத்துவது என் துறை அன்று.

நாமக்கல் வாசகி: அப்பா இறந்து பத்து நாள் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பதிவு அலுவலகத்துக்கு வந்து ஒரு கையெழுத்துப் போடச் சொல்கிறார் அண்ணன். பட்டா மாற்றத்துக்காம். போகலாமா?

போகாதீர்கள். பட்டா மாற்றத்துக்கு மனுவும் வாரிசுச் சான்றிதழும் தாலுகா அலுவலகத்துக்குப் போகும். சார்பதிவாளர் முன்னால் உங்களை நிறுத்துகிறார்கள் என்றால் அது பெரும்பாலும் விடுதலைப் பத்திரம்தான், அதாவது உங்கள் பங்கை நீங்கள் விட்டுக்கொடுக்கும் பத்திரம். பதினாறு நாளுக்குள் எழுதாவிட்டால் சொத்து கெட்டுப்போகும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

துக்க வீட்டிலிருந்து நேராக அழைத்துவரப்பட்ட பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "எழுதிக்கொடுத்தது நீங்கள்தானா, சம்மதமா?" என்று கேட்பேன். பதில் சொல்வதற்கு முன் அவர்கள் அண்ணன் முகத்தைப் பார்ப்பார்கள். அதற்கு மேல் கேட்கும் அதிகாரம் எனக்கு இல்லை.

பத்திரத்தின் முன்வரைவைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வாரம் உங்கள் கையில் இருக்கட்டும். சொத்து விவரத்தில் எத்தனை சர்வே எண்கள் இருக்கின்றன, "ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று ஏதாவது தொகை எழுதியிருக்கிறதா, அது உண்மையிலேயே உங்கள் கைக்கு வந்ததா என்று பாருங்கள். பதிவான பிறகு ரத்து செய்ய நீதிமன்றம் போக வேண்டும். அதற்கும் மூன்று ஆண்டு வரம்பு உண்டு. படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

விருதுநகர் வாசகி: 1985இல் எனக்குத் திருமணம். பூர்வீகச் சொத்தில் பங்கு இல்லை என்கிறார்களே?

இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், அந்த நாளுக்கு முன் மணமான மகள்களை விட்டுவிட்டது. அவர்கள் சொல்வது அந்தப் பழைய கதை. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கிவிட்டது. தந்தை அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பதிவான பாகப்பிரிவினையோ விற்பனையோ இருந்தால் அதைக் கலைக்க முடியாது. அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள்.

கடலூர் வாசகி: திருமணமான மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டா?

உண்டு. மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

ஈரோடு வாசகர்: தங்கைக்கு 50 பவுன் போட்டு, ஊர் மெச்சக் கல்யாணம் செய்து, அந்தக் கடனைப் பத்து ஆண்டு நான் அடைத்தேன். அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்தது நானும் என் மனைவியும். இப்போது வந்து பங்கு கேட்கிறாள். இது நியாயமா?

உங்கள் உழைப்பைச் சிறிதாக நினைக்க மாட்டேன். கடனும் உண்மை, பெற்றோரைப் பார்த்ததும் உண்மை.

ஆனால் அந்த 50 பவுன் இப்போது எங்கே என்று தங்கையிடம் கேட்டதுண்டா? நான் கேட்ட பெண்களில் பலருடைய நகை, கணவரின் கடையிலோ நாத்தனார் கல்யாணத்திலோ கரைந்துபோயிருந்தது. "நகையே பங்கு" என்ற வாதத்துக்கு வயது அதிகம். திருவிதாங்கூரில் 1916இல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் அதைச் சட்டமாகவே எழுதி வைத்திருந்தது: மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. ஸ்த்ரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. கேரளத்தைச் சேர்ந்த மேரி ராய் என்ற பெண் தொடுத்த வழக்கில், அந்தச் சட்டம் செல்லாது என்று 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பெற்றோரைப் பார்த்ததற்குச் சட்டம் தனியாகப் பங்கு ஒதுக்கவில்லை. அப்பா நினைத்திருந்தால் தம் சுயசம்பாத்தியத்தை உயிலில் உங்களுக்குக் கூடுதலாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை என்றால் தங்கையோடு உட்கார்ந்து பேசி, அதற்கு ஒரு மதிப்புப் போட்டுக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. "உனக்கு ஒன்றுமே இல்லை" என்பது வேறு பேச்சு.

இன்னொன்று. படுக்கையில் இருந்தவர்களுக்குப் பணிவிடை செய்தது பெரும்பாலும் உங்கள் மனைவியாகத்தான் இருக்கும். அவர் பிறந்த வீட்டில் அவருடைய பங்கு என்ன ஆயிற்று?

மதுரை வாசகி: ஈரோட்டுக்காரருக்கு என் பதில்: என் அண்ணனும் இதே கணக்கைத்தான் சொல்கிறார். அம்மாவின் குடும்ப ஓய்வூதியமும் வீட்டு வாடகையும் பதினைந்து ஆண்டு அவர் கைக்கே போயின. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

ஈரோடு வாசகர்: என் மனைவி அவள் வீட்டில் பங்கு கேட்கவில்லை. கௌரவமாக விட்டுக்கொடுத்துவிட்டாள். பங்கு கேட்டால் உறவு முறியும் என்று அவளுக்குத் தெரியும்.

உறவு தானாக முறிவதில்லை ஐயா. யாரோ ஒருவர் முறிக்கிறார். மகன் பங்கு கேட்டால் அதைப் பாகப்பிரிவினை என்கிறோம், மகள் கேட்டால் பேராசை என்கிறோம்.

பெண்கள் எதற்கு அஞ்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? பொங்கல் சீர் நின்றுவிடும், பிள்ளைகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் வரமாட்டான், தான் செத்தால் பிறந்த வீட்டுக் கோடித் துணி வராது. 60 வயதுப் பெண் ஒருவர் என்னிடம் சொன்னார்: "நிலம் யாருக்கு வேண்டும் அம்மா, கோடி போட ஆள் வேண்டும்." அந்த அச்சத்தைக் காட்டித்தான் நிலம் வாங்கப்படுகிறது.

என் வீட்டிலும் நடந்தது. என் அப்பா இறந்தபோது என் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தேன். எதை விடுகிறேன் என்று அறிந்து, பத்திரத்தை நானே எழுதி விட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அக்கா விட மறுத்தார். தம்பி அவரோடு பதினொரு ஆண்டு பேசவில்லை. அக்கா பேத்திக்குக் காது குத்தியபோது சீர்த்தட்டோடு வர வேண்டியவன் வரவில்லை. "தவறு உன் பேரில்" என்று தம்பியிடம் அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வரும் சீர் நின்றுவிடக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது இன்றும் உறுத்துகிறது.

விட்டுக்கொடுங்கள் என்றோ வழக்குப் போடுங்கள் என்றோ நான் யாருக்கும் சொல்லவில்லை. தெரிந்து செய்யுங்கள் என்கிறேன்.

சேலம் வாசகர்: திருமணமான மகள் பெயர் வாரிசுச் சான்றிதழில் வருமா?

வரும். மறைத்து வாங்கினால் பிறகு சிக்கல் உங்களுக்குத்தான்.

கோவை வாசகி: எனக்குப் பங்கு வேண்டாம். கணவரும் மாமியாரும் கேட்டு வா என்று நச்சரிக்கிறார்கள்.

இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை. கேட்டதற்கு நன்றி. பங்கு உங்களுடையது, கணவருடையது அன்று. கேட்பதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, பெண்ணுக்கு வந்த சொத்து முழுமையாக அவளுடையது. ஒருநாள் வாங்கினால் உங்கள் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். அண்ணனுக்கு அஞ்சி விடுவதும் கணவருக்கு அஞ்சி வாங்குவதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன.

திண்டுக்கல் வாசகர், வயது 71: என் காலத்துக்குப் பின் சண்டை வேண்டாம். நான் சம்பாதித்த வீட்டை இப்போதே மகனுக்குச் செட்டில்மெண்ட் எழுதிவிடலாமா?

சண்டை வேண்டாம் என்றால் முதலில் மகளையும் மகனையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் எழுதினால் அன்றே சொத்து கைமாறுகிறது. அப்படியும் எழுதுவதானால் ஆயுள்கால அனுபவ உரிமையை உங்களுக்கும் மனைவிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை வெளிப்படையாக எழுதுங்கள். 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் 23ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கோர அந்த வரிதான் கைகொடுக்கும். அதை விட்டுவிட்டுக் கோட்டாட்சியர் அலுவலக வாசலில் நின்ற அப்பாக்களை அறிவேன். நீங்களும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சென்னை வாசகி: பாகப்பிரிவினை வழக்குக்கு மனு எழுதித் தருவீர்களா?

மாட்டேன். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள்.

தஞ்சாவூர் வாசகி: கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பங்கு…

உண்டு. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். தயவுசெய்து முதலிலிருந்து படியுங்கள்.

நாமக்கல் வாசகி: முன்வரைவைக் கேட்டேன். அண்ணன் கோபித்துக்கொண்டார். அண்ணிதான் படம் எடுத்து அனுப்பினார். நான்கு சர்வே எண்கள் இருக்கின்றன. எங்களுக்குத் தெரிந்தது இரண்டுதான்.

அந்த நான்கு எண்களுக்கும் வில்லங்கச் சான்று போடுங்கள். இணையத்திலேயே எடுக்கலாம். அம்மா, அண்ணன், நீங்கள் மூவர் என்றால் அப்பா சுயமாக வாங்கி, உயில் எழுதாமல் விட்ட ஒவ்வொன்றிலும் உங்களுக்கு மூன்றில் ஒன்று. அம்மாவுக்கும் மூன்றில் ஒன்று இருக்கிறது. அவரிடமும் கையெழுத்துக் கேட்டிருப்பார்கள். அவருக்கு இன்றிரவே அதைப் படித்துக் காட்டுங்கள்.