எட்டு ஸ்லொட்டில் இரண்டு றாம்

வணக்கம் அண்ணா,

கல்முனையில் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். முப்பது கடைகள் ஒரே சேர்வரில் ஓடுகின்றன. அதை மாற்றுவதற்குப் பாவித்த சேர்வர் இரண்டு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்றில் ஏஎம்டி கொம்பனியின் சேர்வர் சிப்பான எபிக் 7282, மற்றதில் எபிக் 7302பி. இரண்டிலும் கணக்குப் போடும் கோர் 16தான், ஆனால் விலையில் நல்ல வித்தியாசம். முதலாவது ‘நாலு சனல் சிப்’, வாங்காதே என்கிறார் நண்பர். எதை எடுக்கலாம்?

– வாசகர், கல்முனை

தம்பி,

பழைய கல்லடிப் பாலம் உங்களுக்கும் நினைவிருக்கும். 1924இல் கட்டிய ஒடுக்கமான பாலம். 2013இல் பக்கத்தில் புதியது திறக்கும்வரை, எதிரே வருகிற பஸ் கடந்து முடியட்டும் என்று இந்தப் பக்கம் நிற்போம். நம்முடைய பஸ்ஸின் எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நிற்கத்தான் வேண்டும். கோருக்கும் றாமுக்கும் நடுவில் மெமரி சனல் அந்தப் பாலம்.

டிடிஆர்4 3200 றாம் என்றால் ஒரு சனலில் விநாடிக்கு 25.6 ஜிகாபைட் போகும். 7302பிக்கு எட்டு சனல், ஆக 204.8. 7282இலும் எட்டு சனல் உண்டு, எட்டிலும் றாம் போடலாம். ஆனால் கோர்கள் இருக்கும் குட்டிச் சிப் அதற்குள் இரண்டுதான், 7302பியில் நாலு. அந்த இரண்டிலிருந்தும் வெளியே வரும் பாதை போதாது. அதனால் ஏஎம்டியே அதற்கு 85.3 என்றுதான் கணக்குக் காட்டுகிறது. சிப்புக்குள்ளேயே இருக்கும் சிறிய வேக நினைவகமான கேஷும் பாதி. 2019இல் வெளிவந்தபோது 7282 650 டொலர், 7302பி 825.

நண்பர் சொல்வதில் உண்மை உண்டு, நாலு சனலின் வேகத்துக்கு மேல் அது போகாது. ஆனால் ‘வாங்காதே’ என்பது உங்களுக்குப் பொருந்தாது. ஒரு பில் போடும்போது டேட்டாபேஸ் தொடுவது சில கிலோபைட். அந்த வேலை காத்து நிற்பது பெரும்பாலும் டிஸ்க்குக்காக. வானிலைக் கணிப்பு, பெரிய பொறியியல் கணக்கு என்று றாமை ஓயாமல் வாரி இறைக்கும் வேலை இருந்தால் நானே 7302பி எடுக்கச் சொல்வேன். நீங்கள் 7282ஐ எடுத்து, மிச்சக் காசில் என்விஎம்இ என்ற வேகமான வகையில் நல்ல டிஸ்க் இரண்டு போடுங்கள். 155 வோட்டுக்குப் பதில் 120 வோட் சிப் என்பதால் கரண்ட் பில்லிலும் கொஞ்சம் மிஞ்சும்.

நான் ஏமாந்தது வேறு இடத்தில். மட்டக்களப்பில் ஒரு வேலைக்கு எட்டு சனல் சேர்வர் வாங்கினேன், 64 ஜிபி. பில் எல்லாம் சரி, ஆனால் மாத முடிவில் பெரிய அறிக்கை எடுத்தால் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. மென்பொருள் எழுதிய பையனைத்தான் ஏசினேன், பாவம். ஒருநாள் தூசு தட்ட மூடியைக் கழற்றினால், 32 ஜிபி றாம் இரண்டு மட்டும் செருகியிருக்கிறது, மற்ற ஸ்லொட்டெல்லாம் வெறுமை! எட்டு பாதைக்குக் காசு கொடுத்து இரண்டில் ஓட்டியிருக்கிறேன். 8 ஜிபி எட்டாக மாற்றினோம். அளவு அதே 64தான், அறிக்கை மட்டும் நாங்கள் மேசையை விட்டு எழும்பு முன் வந்தது.

அதனால் காசு கொடுக்க முன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 7282க்கு ஒரே அளவு றாம் நாலு போதும். எந்த நாலு ஸ்லொட் என்பதை மதர்போர்ட் புத்தகத்தில் பார்த்துப் போடுங்கள், கைக்கு எட்டியதில் செருக வேண்டாம். அப்புறம், சிப்பை மட்டும் தனியாக வாங்கும் யோசனை வந்தால் கவனம். சில கொம்பனிகளின் போர்டில் ஒருமுறை ஓடிய எபிக் அந்தக் கொம்பனியோடு பூட்டப்பட்டுவிடும், வேறு கொம்பனி போர்டில் உயிர் வராது.